வடகிழக்குக் கரையில் ஓர் ஊர்

ஹல்
28 மார்ச் 1941

லாம்பர்ட்,

'அன்புள்ள' போடவில்லை, கவனித்தாயா? வேண்டுமென்றேதான் விட்டேன்.

புதன்கிழமை ஆறு மணிச் செய்தி முடிந்ததும் நீ ரேடியோவில் பேசியதை டாக் கடை வாசலில் நின்று கேட்டேன். முடிவெட்டும் டாக்கை மறந்திருக்க மாட்டாய். சின்ன வயதில் உன் தலையைக் கிண்ணம் கவிழ்த்ததுபோல ஆக்கிவிடுவாரே, அவர்தான். தெருவில் பாதி வீடுகளில் ரேடியோ கிடையாது. அதனால் உன் பேச்சு வரும் நாளில் அவர் கடைக் கதவைத் திறந்துபோட்டுவிடுவார். கைவேலையைப் போட்டுவிட்டுத் தெருவே வந்து நிற்கும். வலைக்கொட்டகை மேபலின் பையன், புத்தகமெல்லாம் எழுதியவன், நாடு முழுக்கக் கேட்கப் பேசுகிறான் என்று எல்லோருக்கும் பெருமை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இந்தப் புதன்கிழமை வரை.

'வடகிழக்குக் கரையில் ஓர் ஊர்' என்று ஆரம்பித்தாய். எங்கள் ஊரில் எத்தனை குண்டு விழுந்தாலும் பெயரைச் சொல்லக் கூடாதென்று உங்களுக்குக் கட்டளை. லண்டனில் ஒரு ஓடு உடைந்தாலும் லண்டன் என்று சொல்வீர்கள். நாங்கள் மட்டும் பெயரில்லாதவர்கள். அதைக்கூட விட்டுவிடுகிறேன். அந்த ஊரில் ஒரு பெண் இருக்கிறாள் என்றாய். கணவன் கடலில் கண்ணிவெடி அகற்றும் படகில் போகிறான். குண்டு விழும் இரவுகளில் அவள் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறாள், மூடி உடைந்த டீக் கெண்டியை ஒரு சாஸரால் மூடி வைக்கிறாள், மாடியேறித் தன் படுக்கையில் நிம்மதியாகத் தூங்குகிறாள். 'ஜெர்மானியருக்காக நான் ஏன் இடம் மாறிப் படுக்க வேண்டும்?' என்று கேட்கிறாள்.

சாஸர் போட்டு மூடிய கெண்டி இந்தத் தெருவில் யார் வீட்டில் இருக்கிறது என்று தெரியாதவர் உண்டா? பக்கத்து வீட்டு அப்பிள்பியம்மா என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். "அடியே டார்க்கஸ், இது உன் கதைதாண்டி!" டாக் தொப்பியைக் கழற்றிவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

கெண்டி மூடி உடைந்ததை நான்தான் உனக்கு எழுதினேன். 'நன்றாக இருக்கிறேன்' என்றும் எழுதினேன். மாடியேறித் தூங்குகிறேன் என்று எங்கேயடா எழுதினேன்? உண்மையைச் சொல்கிறேன், கேள். இருட்டும் முன்னே குழந்தைத் தள்ளுவண்டியில் போர்வைகளைப் போட்டுக்கொண்டு பின்சந்து வழியாக ஊரைவிட்டு வெளியே நடக்கிறேன். ஸ்கிட்பி பக்கம் ஒரு பண்ணையில் கோழிக்கொட்டகை இருக்கிறது. அங்கே முன்பின் தெரியாதவர்களோடு வைக்கோலில் படுத்துவிட்டு விடிந்ததும் திரும்பி வேலைக்குப் போகிறேன். என்னைப்போல நூற்றுக்கணக்கானவர்கள் போகிறார்கள். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. தெருவில் கேட்டால், நாத்தனாருக்கு உடம்பு சரியில்லை, துணைக்குப் போகிறேன் என்று சொல்லிவைத்திருந்தேன்.

இனி எப்படிப் போவது? பின்சந்து முனையில் அப்பிள்பியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "ரேடியோவுல சொன்னாங்கள்ல, அந்தப் பொண்ணு இவதான்" என்கிறாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, லாம்பர்ட். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

டார்க்கஸ்


லண்டன்
2 ஏப்ரல் 1941

அன்புள்ள அக்கா, அன்புள்ள அக்கா,

நீ போடாமல் விட்டதையும் சேர்த்து நானே இரண்டு முறை போட்டுவிட்டேன்.

இந்தக் கடிதத்தை நேற்று வேறு மாதிரி ஆரம்பித்திருந்தேன். கொஞ்சம் கேலி, கொஞ்சம் சமாதானம், உன்னைச் சிரிக்கவைக்க ஒரு செய்தி: அந்தப் பெண்ணிடம் சேர்த்துவிடுங்கள் என்று நேயர்கள் இதுவரை ஏழு கெண்டி மூடிகள் அனுப்பியிருக்கிறார்கள், ஒன்றாவது பொருந்துமா பார். அதற்குள் செய்தி வந்தது. திங்கள் இரவு 'வடகிழக்குக் கரையில் ஓர் ஊரில்' குண்டு வீச்சு என்று வாசித்தார்கள். எந்த ஊர் என்று எனக்கே சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ரேடியோ நிலையத்தின் உள்ளேயே இருக்கிறேன், பக்கத்து அறையில் செய்தி எழுதுகிறார்கள். கேட்டால், "லாம்பர்ட், உங்களுக்குத் தெரியாததா?" என்று தோளில் தட்டிவிட்டுப் போகிறார்கள். நான் கண்டுபிடித்த சொற்றொடர் இல்லைதான். ஆனால் அதை எத்தனை அழகாக உச்சரித்திருக்கிறேன்!

இரண்டு வரி எழுதிப் போடு. உயிரோடு இருக்கிறாய் என்று மட்டும்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பதினைந்து வருடம் புத்தகம் எழுதினேன். மேட்டு நிலம், ஆட்டுப் பட்டி, கல் வேலி. அச்சடித்ததில் பாதி பதிப்பாளர் வீட்டு மாடிப்படியின் கீழே கிடக்கிறது. இப்போது வாரம் ஒருமுறை பத்து நிமிடம் பேசுகிறேன், மூட்டை மூட்டையாகக் கடிதம் வருகிறது. அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்கிறார்கள். நிலையத்துப் பெரியவர்களுக்கும் அதுதான் வேண்டும். பயப்படாதவர்களைப் பற்றிப் பேச ஓர் ஆள் தேவை, அது நானாகிவிட்டேன். சொன்னதைத் திரும்பப் பெறுவது நடக்காத காரியம். என் எதிரில் டெவெனிஷ் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் கையில் என் பேச்சின் நகல் இருக்கும், விரல் விசைமேல் இருக்கும். தாளில் இல்லாத ஒரு சொல் என் வாயில் வந்தால் விசையைத் தட்டிவிடுவார். நாடு முழுவதும் என் குரல் நின்றுவிடும்.

தெரு என்ன சொன்னால் உனக்கென்ன? நீ பாட்டுக்குப் போ, அக்கா. வண்டியை முன்வாசல் வழியாகவே எடுத்துக்கொண்டு போ.

உன் தம்பி
லாம்பர்ட்


ஹல்
5 ஏப்ரல் 1941

லாம்பர்ட்,

உயிரோடு இருக்கிறேன். மூடிகளை அனுப்பாதே.

'தெரு என்ன சொன்னால் உனக்கென்ன' என்று எழுதியிருக்கிறாய். நீ தெருவைவிட்டுப் போய்ப் பல வருடமாகிறது, அதுதான் இப்படிப் பேசுகிறாய். ஆல்ஃப் கடலுக்குப் போகிற நாளில் நான் துணி துவைத்தால் இந்தத் தெரு என்ன சொல்லும்? புருஷனைத் துவைத்துக் கடலில் விட்டுவிட்டாள் என்று சொல்லும். யாருக்கும் அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் யாரும் துவைப்பதில்லை. அப்படித்தான் இதுவும்.

திங்கள் இரவு மாடிப்படிக்கு அடியில் இருந்தேன். கரி வைக்கும் பொந்தில், தலையில் வாணலியைக் கவிழ்த்துக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு. தலைக்கு மேல் விமானம் போகும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, எச்சில் இறங்குவதில்லை. அடுத்தடுத்து விழும்போது முதல் சத்தத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவே இருக்கிறதே, அதுதான் பொறுக்க முடியவில்லை. பாவாடையை நனைத்துக்கொண்டேன். அதையும் உன் புதன்கிழமைப் பேச்சில் சேர்த்துக்கொள்.

காலையில் அப்பிள்பியம்மா கதவைத் தட்டினாள். அவள் முகமெல்லாம் சுண்ணாம்புத் தூசி.

"நல்லாத் தூங்குனியாடி?"

"ஆமா. நல்லாத் தூங்குனேன்."

"எனக்குத் தெரியும். ராத்திரி பூரா உன்னைத்தான் நினைச்சுக்கிட்டேன். அவ மாடியில தூங்கறா, நமக்கு என்ன கேடுன்னு."

அவளை என்ன செய்வது சொல். டாக் உன் பேச்சைப் பத்திரிகையிலிருந்து வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார். அவர் முன்பு பதுங்குகுழிக்குப் போய்க்கொண்டிருந்தார். இப்போது போவதில்லையாம். "ஒரு பொம்பளை மாடியில தூங்கறா, நான் குழிக்குள்ள போய் ஒளியறதா?" என்கிறார்.

நீதான் கட்டினாய், நீதான் அவிழ்க்க வேண்டும். அதே ரேடியோவில், அதே குரலில், அந்தப் பெண் பயப்படுகிறாள் என்று சொல். ஊரைவிட்டு வெளியே போய்ப் படுப்பது வெட்கமில்லை என்று சொல். நீ சொன்னால்தான் இங்கே எடுபடும்.

டார்க்கஸ்


லண்டன்
17 ஏப்ரல் 1941

அன்புள்ள அக்கா,

முயற்சி செய்தேன். என்னை நம்பு.

'அந்தப் பெண்ணும் பயப்படுகிறாள்' என்று ஒரு பேச்சு எழுதிக் கொடுத்தேன். தணிக்கைக்குப் போய்த் திரும்பி வந்தது. 'பயம்' வந்த இடமெல்லாம் நீலப் பென்சிலால் அடித்து 'எச்சரிக்கை' என்று எழுதியிருந்தார்கள். கோழிக்கொட்டகை முழுவதும் போய்விட்டது. அப்படி மக்கள் வெளியேறுகிறார்கள் என்பதே வெளியே தெரியக் கூடாதாம். வேறு மாதிரி எழுதிக் கொடுத்தேன். அதையும் அடித்தார்கள். மூன்றாவது முறை துறைத்தலைவர் கூப்பிட்டு, "ஏன் லாம்பர்ட், உடம்புக்கு ஏதும் முடியலையா? கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கறீங்களா?" என்று அன்பாகக் கேட்டார். அந்த அன்பு எனக்கு விளங்கியது. நேற்று ஆட்டுக்குட்டிகளைப் பற்றிப் பேசினேன்.

நீ என்னைத் திட்டு. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நேற்று இரவு லண்டனை உலுக்கி எடுத்துவிட்டார்கள். நாங்கள் நிலையத்தின் அடித்தளத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். எல்லோரும் சீட்டாடினார்கள், நானும் ஆடினேன். கையிலிருந்த சீட்டு எதுவும் கண்ணில் படவில்லை. பயப்படாதவர்களைப் பற்றி நாட்டுக்குச் சொல்கிற ஆளான நான் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். நான் பேசும் அறையில் மேசைமேல் கம்பளி விரித்திருக்கிறார்கள், தாள் சரசரக்கும் சத்தம் மைக்கில் கேட்கக் கூடாதென்று. என் தாள் மட்டும் அதன்மேலும் சரசரக்கிறது. டெவெனிஷ் நல்ல மனிதர், தாளின் ஓரத்தைத் தன் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மின்ட்.

பேச ஆரம்பிக்கலாம் என்று சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் எனக்கு ஞாயிறு பள்ளி ஆண்டு விழாதான் நினைவுக்கு வரும். ஏழு வயது. கஞ்சி போட்ட காலர். தேவாலயம் நிறைய ஆட்கள். இரண்டு வரி சொன்னேன், மூன்றாவது வரவில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன். கீழே முதல் வரிசையில் நீ உதட்டை அசைத்து அசைத்துக் காட்டினாய். அதைப் பார்த்துத்தான் முடித்தேன். இங்கே முதல் வரிசை இல்லை, அக்கா. சுவர்தான் இருக்கிறது.

கெஞ்சிக் கேட்கிறேன், பண்ணைக்குப் போ. எனக்காகப் போ.

லாம்பர்ட்


ஹல்
26 ஏப்ரல் 1941

லாம்பர்ட்,

ஆல்ஃப் வந்து போனார். இரண்டு நாள் இருந்தார். அவர் படகில் ரேடியோ இருக்கிறதாம், உன் பேச்சைக் கேட்டார்களாம். கெண்டி என்றதும் தெரிந்துவிட்டதாம். படகிலிருந்த எல்லோரும் அவர் முதுகில் தட்டினார்களாம்.

"எங்க ஆளுங்க பொண்டாட்டிமாரெல்லாம் ஊரை விட்டு ஓடறாங்கன்னு கேள்விப்படறோம். உன்னை நினைச்சாத்தான் எனக்குக் கடல்ல தைரியமா இருக்கு, டார்க்கி" என்றார்.

என்ன சொல்ல முடியும்? உங்கள் தைரியம் கரிப்பொந்தில் வாணலியோடு உட்கார்ந்திருக்கிறது என்றா? அவர் கை விரல்களைப் பார்த்தேன். நகத்தைச் சதைவரை கடித்து வைத்திருக்கிறார். அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் மாடியில் படுத்துக்கொண்டு தூங்குவதுபோலக் கிடந்தோம்.

இன்று காலை போய்விட்டார். துணி துவைக்கவில்லை.

என்னைப் போ போ என்கிறாய். அவர் திரும்பி வரும்போது, 'உன் பொண்டாட்டியும் ஓடிட்டாப்பா' என்று துறைமுகத்தில் யாராவது சொன்னால் அந்த மனிதர் மறுபடி எப்படிப் படகில் ஏறுவார்? நீ எனக்குக் கட்டிய பொய்யை இப்போது அவரும் கட்டிக்கொண்டிருக்கிறார், டாக்கும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

நிலா வளர்கிறது. மேகமில்லாத நாளாகப் பார்த்து வருவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேலை பார்க்கும் கொட்டகையில் வலை பின்னும்போது முடிச்சு தவறிக்கொண்டே இருக்கிறது. இனி உனக்கு எழுத எனக்கு ஒன்றுமில்லை. முடிந்தால் ரேடியோவில் சொல், முடியாவிட்டால் எழுதாதே.

டார்க்கஸ்


லண்டன்
4 மே 1941

அன்புள்ள அக்கா,

புதன்கிழமை சொல்லப் போகிறேன்.

தாளில் எழுதிக் கொடுக்கவில்லை. கொடுத்த தாளில் கல் வேலி கட்டுவதைப் பற்றி இருக்கிறது. இரண்டாம் பக்கம் முடிந்து மூன்றாம் பக்கம் புரட்டும் இடத்தில், புரட்டாமல் சொல்லிவிடுவேன். 'வடகிழக்குக் கரையில் இருக்கும் அந்தப் பெண் என் அக்கா. அவள் பயப்படுகிறாள். நானும் பயப்படுகிறேன். அவள் ஊரைவிட்டு வெளியே போய்ப் படுக்க வேண்டும். நீங்களும் போங்கள்.' இவ்வளவுதான். குளிக்கும்போதும் நடக்கும்போதும் சொல்லிப் பார்க்கிறேன்.

இதற்குப் பிறகு புதன்கிழமைகள் எனக்கு இருக்காது. ஒருவேளை அதைவிடப் பெரிய தொல்லையும் வரலாம். இந்தப் பேச்சுகளைத் தொகுத்துத் தரும்படி பதிப்பாளர் கேட்ட புத்தகமும் போய்விடும். இதையெல்லாம் நினைத்து இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. இருக்கட்டும்.

டெவெனிஷிடம் மட்டும் சொன்னேன். சொல்லாமல் செய்தால் பழி அவர் தலையில் விழும். அவர் கேட்டார்.

"அந்தக் கெண்டி நிஜமாவே உங்க அக்கா வீட்டுலதான் இருக்கா?"

"ஆமாம்."

"இந்த பெப்பர்மின்ட் உறை இருக்கே, அதைப் பிரிக்க ரெண்டு கையும் வேணும். புதன்கிழமை ரெண்டாம் பக்கத்துல எனக்கு ஒண்ணு பிரிக்கணும்னு தோணும்னு நினைக்கறேன்."

அவ்வளவுதான் சொன்னார். அவருக்குக் கோவென்ட்ரியில், போன நவம்பர் குண்டு வீச்சு வரை, ஒரு மகள் இருந்தாள் என்று வேறொருவர் சொல்லித் தெரிந்தது.

வண்டியில் போர்வைகளை எடுத்து வைத்துக்கொள். டாக் கடை வாசலில் நில். நான் சொன்னதும் யார் முகத்தையும் பார்க்காமல் புறப்பட்டுவிடு.

லாம்பர்ட்


லண்டன்
9 மே 1941

அக்கா,

இது உன் கைக்கு வருமா என்று தெரியவில்லை. புதன் இரவும் வியாழன் இரவும் 'வடகிழக்குக் கரையில் ஓர் ஊர்' என்றார்கள். தந்தி ஏற்க மாட்டேன் என்கிறார்கள். டெலிபோன் நிலையத்துப் பெண், "அந்தப் பக்கம் லைனே இல்லைங்க" என்று சொல்லிவிட்டு, நான் கேட்காமலே "மன்னிச்சுக்குங்க" என்றாள். அந்த மன்னிப்புதான் என்னைக் கொல்கிறது.

நான் சொல்லவில்லை, அக்கா.

இரண்டாம் பக்கம் முடிந்தது. டெவெனிஷ் விசையிலிருந்து கையை எடுத்தார். சட்டைப்பையிலிருந்து பெப்பர்மின்டை எடுத்து, நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் உறையைப் பிரித்தார். சத்தம் வராமல் மெதுவாகப் பிரித்தார். என்னைத் தடுக்க அந்த அறையில் யாருமே இல்லை. வாயைத் திறந்தேன். வரவில்லை. ஏழு வயதில் வராததுபோலவே வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, நீ எழுதியிருந்தாயே, அதேபோல. அறையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஆட்கள் கையை ஆட்டுகிறார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு மூன்றாம் பக்கத்தைப் புரட்டிக் கல் வேலியை வாசித்து முடித்தேன். நல்ல குரலில் முடித்தேன்.

வெளியே வந்ததும் டெவெனிஷ் என் தோளில் கை வைத்தார். நிலையத்தில் 'கருவிக் கோளாறு' என்று எழுதிக்கொண்டார்கள். என் வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்லை. அடுத்த புதன்கிழமை வழக்கம்போல.

நீ வண்டியில் போர்வைகளை அடுக்கிவைத்துக்கொண்டு டாக் கடை வாசலில் நின்றிருப்பாய். நான் சொல்வேன் என்று காத்திருந்திருப்பாய். சொல்லாததால் திரும்பி வீட்டுக்குள் போயிருப்பாய். கரிப்பொந்தும் வாணலியும் கண்ணை மூடினால் தெரிகிறது. கண்ணைத் திறந்தாலும் தெரிகிறது.

கோழை என்று திட்டியாவது ஒரு வரி எழுது. யார் கையெழுத்திலாவது எழுது.

லாம்பர்ட்


ஸ்கிட்பி
13 மே 1941

அன்புள்ள லாம்பர்ட்,

போட்டுவிட்டேன், பார்.

உன் கடிதத்தைத் தபால்காரர் வீடு வீடாகக் கேட்டு இங்கே கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் தெருவில் கடிதம் போட வாசல் எதுவும் மிச்சமில்லை. அப்பிள்பியம்மா வீட்டுச் சுவர் ஒன்று மட்டும் நிற்கிறது. அதில் 'டார்க்கஸ், ஸ்கிட்பி, நலம்' என்று ஆல்ஃபுக்காகச் சாக்கட்டியால் எழுதிவைத்திருக்கிறேன்.

அழாதே. முழுவதும் படி.

புதன்கிழமை தெருவே டாக் கடை வாசலில் நின்றது. கல் வேலி, கல் வேலி என்று போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று உன் குரல் நின்றது. டாக் ரேடியோ பெட்டியின் தலையில் ஒரு அடி அடித்தார். அப்பிள்பியம்மா, "பெட்டி நல்லாத்தான் இருக்கு. அவன் வாயை அமுக்கிட்டாங்க. நம்ம ஊர்ப் பேரைச் சொல்ல வந்திருப்பான்" என்றாள். எல்லோரும் ஆமாம் என்றார்கள். இன்றுவரை அப்படித்தான் நம்புகிறார்கள். நான் திருத்தவில்லை.

விசையைத் தட்டியிருந்தால் மூச்சு கேட்டிருக்காதே, லாம்பர்ட். ஒரு சின்ன மூச்சு கேட்டது. உள்ளே இழுத்த மூச்சு. அதை நான் ஏற்கனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன், தேவாலயத்தில், முதல் வரிசையில் உட்கார்ந்து. நான் உதட்டை அசைத்தேன். தெருவில் நின்றுகொண்டு, பைத்தியக்காரிபோல, நீ எழுதியிருந்த வார்த்தைகளை அசைத்துக் காட்டினேன். நீ எங்கே பார்ப்பது! ஆனால் நாடு முழுக்கக் கேட்க என் தம்பி பயந்து நிற்கிறான் என்று தெரிந்ததும் எனக்குள் ஏதோ இறங்கியது. இனி யாரிடம் என்ன மறைப்பது என்று ஆகிவிட்டது.

வீட்டுக்குப் போனேன். போர்வை, கடிகாரம், கெண்டி, சாஸர். முன்வாசல் வழியாகவே வண்டியைத் தள்ளினேன்.

"எங்கடி?" என்றாள் அப்பிள்பியம்மா.

"ஸ்கிட்பிக்கு."

"நாத்தனாருக்கு இன்னும் சரியாகலையா?"

"அவளுக்கு ஒண்ணுமே இல்ல. எனக்குப் பயமா இருக்கு. ஒரு நாளும் நான் மாடியில தூங்குனதில்ல."

எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அவள் என்னை முறைத்தாள். விறுவிறுவென்று உள்ளே போனாள். தொலைந்தது, இனி இந்தத் தெருவில் என் முகம் இல்லை என்று நினைத்தேன். அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு, மெத்தையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"இந்த மேட்டுல நீ தனியா வண்டியைத் தள்ள மாட்ட. பாவம்னு வரேன்."

பின்னால் இன்னும் இரண்டு வீடு, பிறகு மூன்று வீடு. கோழிக்கொட்டகையில் அவள் என் கையைப் பிடித்த பிடியில் விரல் கன்றிவிட்டது. ஒவ்வொரு இரவும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு, என்னை நினைத்து வெட்கப்பட்டாளாம். கதவிடுக்கில் ஊர்ப் பக்கம் வானம் சிவந்து கிடந்ததைப் பார்த்தோம்.

ஆல்ஃபின் படகு பத்திரம் என்று ஆள் வந்து சொன்னார்கள். அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். அவர் நகத்தைப் பற்றியும் கேட்கப் போகிறேன்.

ஒன்றை உன்னிடம் மறைக்க மாட்டேன். டாக் வரவில்லை. நாங்கள் போகும்போது கடை வாசலில் நின்று சிரித்தார். "என்னம்மா டார்க்கஸ், உன் தம்பி கேட்டா என்ன நினைப்பான்? நான் எங்கயும் வரல. ரேடியோவுலயே சொல்லியிருக்கு" என்றார். கண்ணாடியில் ஒட்டிய தாளை விரலால் சுட்டிக் காட்டினார். வாங்க டாக், வாங்க என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. கடை இருந்த இடத்தில் இப்போது பள்ளம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவரைக் கண்டெடுத்தார்கள்.

அது உன் வார்த்தையால்தான், லாம்பர்ட். இல்லை என்று பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நான் உயிரோடு இருப்பது உன் பயத்தால், அதுவும் உண்மை. இரண்டையும் நீ வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்த முறை டாக்கைப் பற்றிப் பேசு. ஊர்ப் பெயர் வேண்டாம். அவர் பயமறியாதவர் என்று மட்டும் சொல்லிவிடாதே. அபாயச் சங்கு ஊதும்போதெல்லாம் அவர் கை நடுங்கும். ஆல்ஃபின் இடது காதில் அவர் கத்தரி பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. அதைச் சொல். நீலப் பென்சிலால் அடித்தால் மறுபடி எழுது. மறுபடியும் அடித்தால், அந்த இடம் வரும்போது வாயைத் திறந்துவிட்டுச் சும்மா இரு. பண்ணைக்காரர் அடுப்படியில் ரேடியோ இருக்கிறது. நான் பெட்டிக்குப் பக்கத்தில், முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

உன் அக்கா
டார்க்கஸ்